பட்டியலை எழுதுவது யார்? நுவரெலியா மாவட்டத்தில் வேட்பாளர் தெரிவும் விருப்பு வாக்கும்

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த பொதுத் தேர்தலில் நுவரெலியா மாவட்டத்துக்கு 8 ஆசனங்கள். தேசிய மக்கள் சக்தி 161,167 வாக்குகளுடன் 5 ஆசனங்களையும், ஐக்கிய மக்கள் சக்தி 101,589 வாக்குகளுடன் 2 ஆசனங்களையும், யானைச் சின்னத்தில் நின்ற ஐக்கிய தேசியக் கட்சி 64,672 வாக்குகளுடன் 1 ஆசனத்தையும் பெற்றன. எந்தக் கட்சிக்கு எத்தனை என்ற கணக்கு அதோடு முடிந்தது. அந்த ஐவர் யார், இருவர் யார், ஒருவர் யார் என்பதை விருப்பு வாக்கு என்னும் இரண்டாவது கணக்கு தீர்மானித்தது. இந்த இரண்டுக்கும் முன்பே, யாரும் எண்ணிக் காட்டாத மூன்றாவது கணக்கு ஒன்றும் முடிந்திருந்தது: ஒவ்வொரு கட்சியின் பட்டியலிலும் 11 பெயர்கள் ஏறியது எப்படி என்பது.

மலையகத் தேர்தல்களைப் பற்றிய எழுத்து பெரும்பாலும் முதல் கணக்கிலேயே நின்றுவிடுகிறது. தோட்ட மக்களின் பிரதிநிதியை உண்மையில் தெரிவு செய்வது தொழிற்சங்கத் தலைமையா, வாக்காளரா, சட்டமா என்ற கேள்வியோ டொனமூர் அரசியலமைப்புக் காலத்திலிருந்தே இருந்து வருகிறது. காலத்துக்குக் காலம் வேறு வேறு விடைகள் தரப்பட்டிருக்கின்றன. எதுவும் மற்றதை முழுதாகத் தள்ளிவிடவில்லை.

சங்கம் தெரிவு செய்த காலம்

1931இல் அரசாங்க சபைக்கு முதல் தேர்தல் நடந்தபோது ஹட்டனுக்கு பெரி. சுந்தரம் தெரிவானார், தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சராகவும் ஆனார். 1936இல் அதே ஹட்டனிலிருந்து கோ. நடேசய்யர் சபைக்குச் சென்றார். சுந்தரம் சட்டம் படித்தவர். நடேசய்யர் பத்திரிகையாளர், தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டியவர். இந்த மாற்றத்தைப் பலர் பிரமுகர் அரசியலிலிருந்து சங்க அரசியலுக்கு வந்த திருப்பமாக வாசிக்கிறார்கள். பெரும்பாலும் அது சரியென்றே தோன்றுகிறது. ஆனால் அன்றைய வாக்குரிமை தோட்ட மக்கள் எல்லோரையும் தொட்டதல்ல. இந்திய வம்சாவளியினர் நிரந்தரக் குடியிருப்பை நிரூபிக்க வேண்டியிருந்தது. ஆகவே அன்றைய முடிவுகளை வைத்துத் தொழிலாளர் மனத்தை அளப்பதில் கவனம் வேண்டும்.

1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவானது. அடுத்த ஆண்டே அதன் தொழிற்சங்கப் பிரிவும் வந்தது. 1947 தேர்தலில் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றது. நுவரெலியாவில் சௌ. தொண்டமான், தலவாக்கலையில் சி. வி. வேலுப்பிள்ளை, கொட்டகலையில் கே. குமாரவேலு, நாவலப்பிட்டியில் கே. இராஜலிங்கம், மஸ்கெலியாவில் ஜி. ஆர். மோத்தா, அலுத்நுவரவில் டி. இராமானுஜம், பதுளையில் எஸ். எம். சுப்பையா. காங்கிரஸ் தலைமை முன்வைத்தவர்களை மக்கள் ஏற்றுக்கொண்டார்கள் என்பதே இங்கு பொதுவான விளக்கம். அந்த ஏற்பில் எவ்வளவு விருப்பம், எவ்வளவு வேறு வழியின்மை என்று பிரித்தறிய இப்போது வழி குறைவு. தோட்டங்களில் இடதுசாரிச் சங்கங்களும் அன்று பலமாகவே இருந்தன என்பதை மட்டும் நினைவில் வைக்கலாம்.

இதற்குப் பிறகு நடந்தது எல்லோரும் அறிந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்ட மக்களைப் பெருமளவில் வாக்காளர் இடாப்பிலிருந்து அகற்றின. 1952இல் அந்த ஏழு ஆசனங்களில் ஒன்றுகூட காங்கிரஸுக்குத் திரும்பவில்லை. 1960இல் தொண்டமான் நியமன உறுப்பினராகத்தான் சபைக்குள் நுழைந்தார்.

வேட்பாளர் தெரிவு பற்றிய விவாதத்தில் இந்த முப்பது ஆண்டுகளுக்கு உரிய இடம் தரப்படுவதில்லை என்று நினைக்கிறேன். வாக்கு இல்லாத மக்களுக்குத் தேர்தல் இல்லை. ஆனால் தலைமைப் போட்டி இருந்தது. 1950களின் நடுவில் காங்கிரஸுக்குள் தொண்டமானுக்கும் அதன் மற்றொரு தலைவரான ஏ. அஸீஸுக்கும் இடையே எழுந்த பிளவும், அதிலிருந்து ஜனநாயகத் தொழிலாளர் காங்கிரஸ் பிறந்ததும் அந்தக் காலத்தின் உண்மையான தேர்தல்கள். தோட்டத் தலைவர், மாதர் சங்கத் தலைவி, மாவட்டப் பிரதிநிதி, காரியாலயம், மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கப்படும் சந்தா: இந்த வலைதான் வாக்காளர் இடாப்புக்குப் பதிலாக நின்றது. வாக்குரிமை திரும்பி வந்தபோது அந்த வலை கலைந்து போகவில்லை. தன் பழைய வேலையோடு பட்டியல் எழுதும் வேலையையும் சேர்த்துக்கொண்டது.

1911இல் ஜெர்மனியச் சமூகவியலாளர் ரொபேர்ட் மிஷெல்ஸ் ஐரோப்பியத் தொழிலாளர் கட்சிகளைப் பார்த்து, எந்தப் பெரிய அமைப்பும் காலப்போக்கில் ஒரு சிறு தலைமையின் கைக்குள் போய்விடும் என்று வாதிட்டார். மலையகச் சங்கங்களை இந்தச் சட்டகத்துக்குள் வைத்துக் குற்றம் சாட்டுவது எளிது. ஆனால் மிஷெல்ஸ் பார்த்த ஜெர்மானியத் தொழிலாளிக்கு வாக்கு இருந்தது. வாக்குப் பறிக்கப்பட்ட மக்களுக்குப் பேரம் பேசத் தலைமையைத் தவிர வேறு கருவி இருக்கவில்லை. தொண்டமான் என்ற ஒரு குடும்பப் பெயர் மலையக அரசியலில் தலைமுறைகளாக நீடித்ததற்கு இந்த வரலாற்றுக் காரணத்தை விட்டுவிட்டு விளக்கம் சொல்ல முடியாது. விளக்கம் சொல்வதால் அது நியாயமாகிவிடும் என்பதும் இல்லை.

மூன்று உறுப்பினர் தொகுதி

1977இல் நுவரெலியா–மஸ்கெலியா மூன்று உறுப்பினர்களைத் தெரிவு செய்யும் தொகுதியாக இருந்தது. ஐக்கிய தேசியக் கட்சியின் காமினி திசாநாயக்க, ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியின் அநுர பண்டாரநாயக்க, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் (முன்னைய இலங்கை இந்தியக் காங்கிரஸ்) தொண்டமான் ஆகிய மூவரும் தெரிவானார்கள். வாக்காளர் தம் மூன்று வாக்குகளையும் ஒரே வேட்பாளருக்குக் குவிக்கலாம் என்பதால், சிறுபான்மையான ஒரு வாக்குத் தொகுதி ஓர் ஆசனத்தை உறுதி செய்துகொள்ள முடிந்தது. நாடற்றோர் இன்னும் பெருந்தொகையாக இருந்த அந்த ஆண்டில் தொண்டமான் வென்றதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

பல உறுப்பினர் தொகுதிகளை மீட்க வேண்டும் என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். அந்த நிலைப்பாட்டின் பலம் அதன் எளிமை. பலவீனமும் அதிலேயே இருக்கிறது: குவிக்கும் முறையில் ஒரு சமூகம் ஒரே வேட்பாளரை நிறுத்தினால்தான் வெற்றி உறுதி. அந்த ஒருவரை யார் நிறுத்துவது என்ற கேள்வி திரும்பவும் சங்கக் காரியாலயத்தின் வாசலுக்கே போய்விடும்.

விருப்பு வாக்கு: வாக்குச் சாவடிக்குள் ஓர் உட்கட்சித் தேர்தல்

1978 அரசியலமைப்பு மாவட்டப் பட்டியல் முறையைக் கொண்டுவந்தது. முதலில் எழுதப்பட்டபடி, பட்டியலில் கட்சி வைக்கும் வரிசைதான் யார் சபைக்குப் போவார் என்பதைத் தீர்மானித்திருக்கும். 1982 டிசம்பர் சர்வசன வாக்கெடுப்பு பாராளுமன்றத்தின் ஆயுளை நீடித்ததால், அந்த மூடிய பட்டியல் பொதுத் தேர்தலில் ஒருமுறைகூட சோதிக்கப்படவில்லை. 1988இல் 14ஆவது திருத்தம் விருப்பு வாக்கைப் புகுத்தியது. 1989 பெப்ரவரியில் முதன்முதலாக வாக்காளர் ஒரு கட்சிக்குப் புள்ளடி இட்டு, அதே கட்சியின் மூன்று வேட்பாளர் வரை இலக்கம் பார்த்துத் தெரிவு செய்தார். அன்றிலிருந்து தோட்டங்களில் வேட்பாளரின் பெயரைவிட அவருடைய நம்பர்தான் அதிகம் ஓடுகிறது.

அமெரிக்காவில் கட்சி வேட்பாளரை வாக்காளரே தெரிவு செய்யும் முன்தேர்தல் முறையை 1903இல் விஸ்கொன்சின் மாநிலம் மாநிலம் முழுவதற்குமான சட்டமாக்கியது. கட்சிப் பெருந்தலைகளின் கையிலிருந்து பட்டியலைப் பிடுங்குவதே அதன் நோக்கம்.  அதன் நெடுநாள் குறை, வாக்களிக்க வருவோர் சிலரே என்பது. இறுதித் தேர்தலுக்கு வருவோரைவிட மிகக் குறைவானவர்கள் வேட்பாளரைத் தீர்மானித்துவிடுகிறார்கள். இந்தியாவில் 2014 மக்களவைத் தேர்தலுக்குமுன் காங்கிரஸ் கட்சி சில தொகுதிகளில் இதை முயன்று பார்த்தது. அந்தப் பழக்கம் வேரூன்றவில்லை.

இந்தப் பின்னணியில் பார்த்தால் இலங்கையின் விருப்பு வாக்கு விசித்திரமான ஒரு பிறவி. முன்தேர்தலும் இறுதித் தேர்தலும் ஒரே நாளில், ஒரே சீட்டில் நடக்கின்றன. உட்கட்சித் தெரிவுக்கு வருவோர் குறைவு என்ற அமெரிக்கக் குறை இங்கே எழுவதில்லை. விருப்பு வாக்கை ஆதரிப்போர் சொல்லும் மிகப் பலமான வாதம் இதுதான்.

மலையகத்தில் இந்த முறை சிறுபான்மைக்குத் தந்த பலனும் எண்களில் தெரிகிறது. 2015இல் ஐக்கிய தேசியக் கட்சிப் பட்டியலில் வந்த தமிழ் முற்போக்குக் கூட்டணியின் பழனி திகாம்பரம் 105,528 விருப்பு வாக்குகளுடன் மாவட்டத்தில் முதலிடம் பெற்றார். 2020இல் இது இன்னும் தெளிவானது. ஐக்கிய மக்கள் சக்திக்கு 132,008 வாக்குகள், 3 ஆசனங்கள். திகாம்பரம் 83,392, வே. இராதாகிருஷ்ணன் 72,167, எம். உதயகுமார் 68,119. அதாவது அந்தக் கட்சிக்கு வாக்களித்தோரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த மூவரில் ஒவ்வொருவருக்கும் விருப்பு வாக்கு இட்டிருக்கிறார்கள். மூன்று ஆசனமும் மூன்று தமிழருக்கே போயின. அதே தேர்தலில் 230,389 வாக்குகளுடன் 5 ஆசனம் பெற்ற பொதுஜன பெரமுனவின் பட்டியலில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் ஜீவன் தொண்டமான் 109,155 பெற்று முதலாவதாக வந்தார். மருதபாண்டி இராமேஸ்வரனும் தெரிவானார். எட்டில் ஐவர் தமிழர். இவ்வளவு கட்டுப்பாடான வாக்களிப்பைப் படிப்பறிவற்ற கூட்டத்தின் மந்தைத்தனம் என்று எழுதியவர்கள் கணக்கைப் பார்க்கவில்லை என்றே சொல்ல வேண்டும். மூன்று விருப்பையும் வீணாக்காமல் பங்கிடுவது தேர்தல் நுட்பம். அதைத் தோட்ட மக்கள் கொழும்பு வாக்காளரைவிட நன்றாகவே கற்றிருக்கிறார்கள்.

எதிர்வாதங்களும் லேசானவையல்ல. விருப்பு வாக்கு ஒரே கட்சிக்காரரை ஒருவருக்கொருவர் எதிரியாக்குகிறது. 2011 அக்டோபரில் கொழும்பை அடுத்த பகுதியில், உள்ளூராட்சித் தேர்தல் நாளன்று ஒரே ஆளுங்கட்சியின் இரு அணிகள் மோதி உயிர்கள் பலியானது அதன் கொடிய எல்லை. மாவட்டம் முழுவதும் ஓடி வாக்குச் சேர்க்க வேண்டியிருப்பதால் பணபலம் உள்ளவரே தாக்குப்பிடிக்கிறார். 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவு ஒழுங்குபடுத்தல் சட்டம் இதற்கு ஒரு கடிவாளம்; அது எவ்வளவு பிடிக்கும் என்பதைச் சொல்ல ஓரிரு தேர்தல்கள் போதா.

எண்ணப்படாத கட்டம்

விருப்பு வாக்கை உட்கட்சித் தேர்தல் என்று கொண்டாடும் தரப்புக்கு ஒரு பெரிய இடைவெளி உண்டு. 11 பேரில் மூவரை வாக்காளர் தெரிவு செய்கிறார். அந்த 11 பேரை யார் தெரிவு செய்தது? வேட்புமனுவில் கையெழுத்திடுபவர் கட்சிச் செயலாளர். அதற்குமுன் கட்சிக்குள் என்ன நடக்க வேண்டும் என்று தேர்தல் சட்டம் எதையும் வற்புறுத்துவதில்லை. மலையகக் கட்சிகளுக்கு இது இரட்டைச் சிக்கல். அவை பெரும்பாலும் ஒரு தேசியக் கட்சியின் சின்னத்தில் வருகின்றன. எனவே எத்தனை இடம் என்பது கொழும்பில் நடக்கும் பேரத்தில் முடிவாகிறது. அந்த இடங்களில் யார் என்பது சங்கத் தலைமையில் முடிவாகிறது.

2015இல் 67,761 விருப்பு வாக்குகளுடன் தெரிவான, தமிழ் முற்போக்குக் கூட்டணியின் எம். திலகராஜ் 2020இல் கூட்டணியின் பட்டியலில் இல்லை. வாக்காளர் அவரை நிராகரிக்கவில்லை. நிராகரிக்கும் வாய்ப்பே அவர்களுக்குக் கிடைக்கவில்லை. 2020 மே 26ஆம் திகதி இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தலைவர் ஆறுமுகன் தொண்டமான் காலமானபோது வேட்புமனுக் காலம் ஏற்கெனவே முடிந்திருந்தது. அவருடைய இடத்துக்கு மகன் ஜீவன் பெயரிடப்பட்டு, ஆகஸ்ட் 5 தேர்தலில் மாவட்டத்திலேயே அதிக விருப்பு வாக்கைப் பெற்றார். முதல் முடிவில் மக்களுக்குப் பங்கில்லை. இரண்டாவதில் அவர்கள் அதைப் பெருவாரியாக உறுதி செய்தார்கள். ஆக, வாக்காளர் தலைமையின் தெரிவை எப்போதும் எதிர்க்கிறார்கள் என்று சொல்வதும் பொருந்தாது.

தலைமையைச் சுற்றிப் போக ஒரு வழி இருந்ததை 1994 காட்டியது. மலையக மக்கள் முன்னணியின் பெ. சந்திரசேகரன் சுயேச்சைக் குழுவாக நுவரெலியாவில் நின்று ஓர் ஆசனம் பெற்றார். பொதுஜன ஐக்கிய முன்னணி 105, முஸ்லிம் காங்கிரஸ் 7, இவருடைய 1: சரியாக 113. ஒரு மலையகத் தமிழரின் ஆசனம் சந்திரிகா அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை தந்தது. அந்தப் பாதை இன்னும் திறந்தே இருக்கிறது. அதில் நடந்து வென்றவர் அரிது.

2024 சொன்னதும் சொல்லாததும்

2024இல் தேசிய மக்கள் சக்தியின் பட்டியலில் மஞ்சுள சுரவீர 78,832 விருப்பு வாக்குகள் பெற்று முதலிடத்திலும், கிருஷ்ணன் கலைச்செல்வி 33,346 பெற்று ஐந்தாம் இடத்திலும் வந்தார்கள். பதுளையில் தெரிவான அம்பிகா சாமுவேலுடன் சேர்ந்து, மலையகத் தமிழ்ப் பெண்கள் பாராளுமன்றத்துக்குத் தெரிவானது இதுவே முதன்முறை. தோட்டத்தில் கொழுந்து பறிப்போரும் சங்கத்துக்குச் சந்தா கட்டுவோரும் பெரும்பாலும் பெண்களாக இருந்தும் இதற்கு 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சங்கம் எழுதிய பட்டியல்கள் மீதான மிகக் கடுமையான விமர்சனம் இந்த ஒரு தகவலுக்குள் அடங்கியிருக்கிறது.

ஐக்கிய மக்கள் சக்தியில் திகாம்பரம் (48,018), இராதாகிருஷ்ணன் (42,273), ஐக்கிய தேசியக் கட்சியில் ஜீவன் தொண்டமான் (46,438). உதயகுமாரும் இராமேஸ்வரனும் சபைக்குத் திரும்பவில்லை. ஐந்தாக இருந்த தமிழ் உறுப்பினர் எண்ணிக்கை நான்கானது. இதைச் சங்க அரசியலின் முடிவு என்று சிலர் அறிவித்துவிட்டார்கள். அவசரம் என்று தோன்றுகிறது. நால்வரில் மூவர் சங்கப் பின்னணி கொண்ட கட்சிகளின் முன்னணித் தலைவர்களே. மறுபுறம், தனிமனித விருப்பு வாக்குப் பிரசாரத்தை ஊக்குவிக்காத ஒரு கட்சி மாவட்டத்தில் முதலிடம் பெற்றது புதிது. தோட்டத்தில் குடியிருந்துகொண்டே வெளியில் வேலைக்குப் போவோர் தொகை கூடியிருக்கிறது. அவர்களுக்குச் சங்கச் சந்தாவும் இல்லை, தோட்டத் தலைவரிடம் கடப்பாடும் இல்லை. வாக்காளர் இடாப்பும் சங்க உறுப்பினர் இடாப்பும் ஒன்றாக இருந்த காலம் முடிந்துகொண்டிருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

தொகுதி திரும்பினால்

2007இல் தினேஷ் குணவர்தன தலைமையிலான தெரிவுக்குழுவின் இடைக்கால அறிக்கை முதல் இன்றுவரை, விருப்பு வாக்கை ஒழித்துக் கலப்பு முறைக்குப் போவோம் என்ற பேச்சு அவ்வப்போது எழுகிறது. 2018 உள்ளூராட்சித் தேர்தல் அந்த முறையில்தான் நடந்தது. வட்டாரத்துக்கு ஒரு முகம் தெரிந்த உறுப்பினர், செலவு குறைவு, உட்கட்சிச் சண்டை இல்லை என்பன அதன் நன்மைகள். அதே காலத்தில் அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகள் பிரிக்கப்பட்டு நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகள் உருவானதும் மலையகத்துக்குக் கிடைத்த உண்மையான இலாபம்.

பாராளுமன்றத்துக்கு இதையே கொண்டுவந்தால் என்னாகும் என்பதை உடப்புசல்லாவையிலிருந்து பார்ப்பது நல்லது. மாவட்டத்தின் நான்கு தேர்தல் தொகுதிகளில் நுவரெலியா–மஸ்கெலியா ஒன்றே மாவட்ட வாக்காளரில் பாதிக்கு மேல் கொண்டது. உடப்புசல்லாவை, இராகலைத் தோட்டங்கள் சிங்களக் கிராமங்கள் சூழ்ந்த வலப்பனைத் தொகுதிக்குள் வருகின்றன. ஒற்றை உறுப்பினர் தொகுதியானால் இங்குள்ள தமிழ் வாக்கு யார் வெல்வார் என்பதைத் திருப்பலாம். தன் ஆளைத் தெரிவு செய்வது கடினம். மாவட்டப் பட்டியலில் அந்த வாக்கு ஹட்டன், தலவாக்கலை வாக்குகளோடு சேர்ந்து ஆசனமாகிறது. ஆனால் அந்த ஆசனத்தில் அமர்பவர் பெரும்பாலும் அந்தப் பக்கத்தவர். மாவட்டம் முழுவதும் வாக்குச் சேர்க்க வேண்டியவர் வாக்கு அடர்ந்த பக்கத்திலேயே நிற்பார். சங்கங்களின் பெரிய காரியாலயங்களும் அங்கேதான். ஒரு முறையில் உடப்புசல்லாவைக்குப் பிரதிநிதி அருகில் இருப்பார், தன் தெரிவாக இருக்கமாட்டார். மற்றதில் தன் தெரிவாக இருப்பார், அருகில் இருக்கமாட்டார். இரண்டு தரப்பு அறிஞர்களும் இந்த ஓரத்துத் தோட்டங்களைக் கணக்கில் எடுத்து எழுதியது குறைவு.

தீராத பகுதி

மூடிய பட்டியலுக்கும் தனித் தொகுதிக்கும் எதிராக வைத்துப் பார்த்தால், குறைகளோடும் விருப்பு வாக்குத்தான் மலையகத் தமிழ் வாக்காளருக்கு அதிகம் தந்திருக்கிறது. இந்த மதிப்பீடு மூன்று தேர்தல்களின் எண்களை வைத்து எட்டியது. ஆசன ஒதுக்கீடோ எல்லை நிர்ணயமோ மாறினால் இதுவும் மாறக்கூடும். விருப்பு வாக்கை ஒழிப்பதைவிட அவசரமானது பட்டியல் எழுதும் கட்டத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. தோட்டத் தலைவர் மட்டத்தில் வாக்கெடுப்பு, மாதர் சங்கங்களுக்குக் கட்டாய இடம், தொகுதிக்கு ஒருவர் என்ற உள்விதி என யோசனைகள் பல. இவற்றில் எது நடைமுறையில் தாங்கும் என்பது இன்னும் திறந்த கேள்வி.

ஆய்வாளருக்கு ஒரு நடைமுறைத் தடையும் உண்டு. தேர்தல்கள் ஆணைக்குழு கட்சி வாக்குகளைத் தொகுதிவாரியாக வெளியிடுகிறது; விருப்பு வாக்குகளை மாவட்ட மொத்தமாகவே வெளியிடுகிறது. வலப்பனைத் தமிழர் எந்த வேட்பாளருக்கு எவ்வளவு இட்டார்கள் என்பது வாக்கெண்ணும் நிலையத் தாள்களிலேயே தங்கிவிடுகிறது. அடுத்த தேர்தலிலாவது ஆணைக்குழு விருப்பு வாக்குகளைத் தொகுதிவாரியாக வெளியிட வேண்டும். மலையகக் கட்சிகள் தம் வேட்பாளர்களை எந்த அடிப்படையில் தெரிவு செய்தன என்பதை வேட்புமனு நாளன்றே எழுத்தில் அறிவிக்க வேண்டும்.